சாடியும் கிண்ணமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருந்தீர்கள். விருந்து என்றவுடன் சோறும் ஊனும் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றைப் பற்றி இம்மேடையிலேயே அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். அவற்றின் அருகே வைக்கப்பட்டிருந்த மற்றொன்றை நாம் பெரும்பாலும் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறோம். வீட்டிலேயே அட்டு, சாடியிலே முதிர வைத்து, வந்தவர்க்கு வார்த்த கள்ளைச் சொல்கிறேன். வடசென்னையில் பிறந்து வளர்ந்து, வடசென்னை மாணவியர்க்கே தமிழ் கற்பிக்கும் ஒரு பெண் இப்பொருளை எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். வருந்துவோருடைய பக்கத்திலேதான் என் தாயும் நின்றார். ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது இராயபுரம். இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர். அப்பெயரால் அமைந்த ஊர் அது. 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்ட நிலையமும் அங்கேதான் இருக்கிறது. இரயிலையும் துறைமுகத்தையும் நம்பி வந்து குடியேறிய பலருள் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரும் உண்டு. எங்கள் தெருவில் அப்படி ஒரு மூதாட்டி இருந்தார். இரயில்வே மருத்துவமனையில் செவிலியாய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாரும் அவரை 'நர்ஸம்மா' என்றே அழைப்பர்.

நவம்பர் மாதம் பிறந்தவுடன் நர்ஸம்மா பெரிய பீங்கான் ஜாடியை எடுத்து வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பார். அது எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் வருகிறது என்பதற்கு முதல் அடையாளம். கொத்தவால்சாவடிக்கு ஆள் அனுப்பிக் கறுத்த பன்னீர்த் திராட்சை வாங்குவார். காம்பு நீக்கி, கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பிக் கையாலே பிசைவார். ஒரு கிலோ பழத்திற்கு ஏறக்குறைய ஒரு கிலோ சர்க்கரை, காய்ச்சி ஆற்றிய நீர், ஒரு கைப்பிடி கோதுமை, சிறிது ஈஸ்ட், பட்டையும் கிராம்பும். ஜாடியின் வாயைத் துணியால் கட்டுவார். நாள்தோறும் மரக்கரண்டியால் ஒருமுறை கிளறுவார். கரண்டி நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஜாடிக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் வெடிக்கும் ஒலியைக் கேட்கச் சொல்லி எங்களைக் காதை வைக்கச் செய்வார். மூன்று வாரங்களில் குமிழி அடங்கும். பிறகு வடிகட்டுதல், தெளிய வைத்தல், மீண்டும் வடிகட்டுதல். சர்க்கரையைக் கருக்கி ஊற்றி நிறம் கூட்டுவார்.

கிறிஸ்துமஸ் நாளன்று அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடுவர். கேக், குல்குல், அச்சு முறுக்கு ஆகியவற்றோடு, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணம். இரண்டாம் கிண்ணம் கேட்டவரைப் பார்த்து நர்ஸம்மா சிரிப்பார். ஜாடியின் மூடி மட்டும் திறவாது. நாற்பது நாள் உழைப்பு ஒரு மாலைப்பொழுதில் இருபது பேருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்துவிடும்.

என் தந்தை துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. அவர் குடிப்பவர். 1990ஆம் ஆண்டு மலிவு விலை மதுக்கடைகள் திறக்கப்பட்டபோது எனக்குப் பத்து வயது. 1991 ஜூலையில் அவை மூடப்பட்ட நாளில் என் தாய் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். இடைப்பட்ட அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து சென்ற பொருள்களின் பட்டியலை இங்கு வாசிக்க நான் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் கிறிஸ்துமஸில் கேக்கும் முறுக்கும் வைத்த தட்டோடு, என் தந்தைக்கென ஒரு சிறு புட்டியும் வந்தது. என் தாய் அந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு நர்ஸம்மா வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"நர்ஸம்மா, உங்க கையால குடுக்கறது எதுவும் அமிர்தந்தான். ஆனா அந்த ஆளுக்கு ஒரு கிளாஸுக்கும் ஒரு கொடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எங்க வூட்டுக்கு இது வோணாம்."

நர்ஸம்மா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. புட்டியை எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு முதல் எங்கள் வீட்டுத் தட்டில் இஞ்சிச் சாறு வந்தது. இஞ்சியைத் தட்டிக் கொதிக்க வைத்து, கருக்கிய சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்து, புளிக்க விடாமல் செய்தது. தெருவுக்கெல்லாம் ஒரு ஜாடி. எங்கள் ஒரு வீட்டுக்கென்று தனியாக ஓர் அடுப்பு. இது விருந்தோம்பலில் எந்தத் துறையில் அடங்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை முதுகலை வகுப்பில் நான் பாடம் நடத்துவதுண்டு. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசில் பெற்ற பாணன், எதிர்வந்த பாணனை அவனிடம் ஆற்றுப்படுத்துகின்றான். வழியெங்கும் எவரெவர் எதை உண்ணத் தருவர் என்பது ஐந்நூறு அடிகளில் விரிகிறது. அவ்வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே கிடைக்கும் கள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதைப் புலவர் படிப்படியாகச் சொல்கிறார். நன்கு தீட்டப்படாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அதனை அகன்ற வாயுடைய பிழா என்னும் தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். புற்றிலே காணும் குரும்பியைப் போன்ற தோற்றமுடைய அடையை அதனுடன் கலக்கின்றனர். இந்த அடையை முளைநெல்லை இடித்து ஆக்கியது என்று உரை கொள்வர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. சாடியில் நன்கு முதிர்ந்த பின், விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அளிக்கின்றனர்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. சோற்றில் உள்ளது மாப்பொருள். அது தானாகக் கள்ளாவதில்லை. நெல் முளைவிடும்போது அதனுள் பிறக்கும் நொதி, மாப்பொருளைச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையையே நுண்ணுயிராகிய ஈஸ்ட் கள்ளாக மாற்றும். இன்று உலகெங்கும் பீர் என்று வழங்குவது, முளைவித்த வாற்கோதுமையைக் கொண்டு இதே முறையில் ஆக்கப்படுவதுதான். ஆக, நம் வலைஞர் வீட்டுச் சாடியில் இருந்தது நெல்லால் ஆன பீர் என்றால் பிழையாகாது. களியை ஆற்றிய பிறகே முளைமாவைக் கலக்க வேண்டும் என்பதும் பாட்டில் இருக்கிறது. கொதிக்கும் களியில் கலந்தால் நொதி கெட்டுவிடும். ஏட்டறிவால் மட்டும் எழுதக்கூடிய செய்தியன்று இது. அடுப்படியில் நின்று பார்த்தவர், அல்லது பார்த்தவரிடம் கேட்டவர் எழுதியது.

இதை நான் உற்சாகத்தோடு நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், எங்கப்பா குடிச்சுத்தான் செத்தாரு. இதை நான் பரீட்சையில சிறப்புன்னு எழுதணுமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, ஐயமாகவே கேட்டாள். அன்று நான் சொன்ன விடை, "அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு" என்பது. சொல்லி முடிக்கும்போதே அது விடையன்று என்று எனக்குத் தெரிந்தது. இன்றைய இந்த உரை, அவளுக்கு நான் தரவேண்டிய விடையைத் தேடிய முயற்சியே.

முதலில் சொற்களைப் பார்ப்போம். கவிஞர்கள் அமர்ந்திருக்கும் அவை இது. பழந்தமிழில் கள்ளுக்கு எத்தனை பெயர்கள்! அரிக்கப்படுவது அரியல். பிழியப்படுவது பிழி. தெளிந்தது தேறல். நெல்லால் ஆக்கியது தோப்பி; அதனை வீட்டிலே அட்டது என்றே பெரும்பாணாற்றுப்படை குறிக்கிறது. மண்ணில் புதைத்து முதிர்வித்த மட்டினைப் புறநானூற்றில் கபிலர் பாடுகிறார். மூங்கிற் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் காட்டுகிறது. இப்பெயர்களிற் பல ஒரு கையின் செயலைச் சொல்கின்றன: அடுதல், அரித்தல், பிழிதல், தெளிவித்தல். இன்று நம் தெருக்களில் வழங்கும் சொற்கள் எவை? சரக்கு, குவார்ட்டர், கட்டிங். ஒன்று வணிகனின் சொல். மற்றவை அளவின் சொற்கள். ஆக்கிய கையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு பொருள் வீட்டைவிட்டுக் கடைக்குப் போனதை அகராதியே நமக்குச் சொல்லிவிடுகிறது.

அந்தக் கை யாருடையது? பெரும்பாணாற்றுப்படையிலேயே பிறிதோரிடத்தில் கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் தெருவில் வழிந்து சேறாகிறது. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்தில் நுளையர் மகள் அரித்த பழைய தேறலைப் பரதவர் பாணனுக்கு வார்க்கின்றனர். நம் நாட்டில் மட்டுமன்று. சுமேரியர் கள் அடுதலுக்கு நின்காசி என்னும் பெண்தெய்வத்தை வைத்திருந்தனர். அவள்மீது பாடிய துதி ஏறக்குறைய 3800 ஆண்டுப் பழமையுடைய களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. இடைக்கால இங்கிலாந்திலும் வீடுகளில் பீர் ஆக்கி விற்றோர் பெரும்பாலும் பெண்களே. சோறு ஆக்கியவளே கள்ளும் ஆக்கினாள் என்பதில் வியப்பில்லை. இரண்டுக்கும் அடுப்பு ஒன்று, தானியம் ஒன்று.

இங்கேதான் நான் முதலில் தவறவிட்ட செய்தி இருக்கிறது. ஆக்கியவள் கையில் அளவும் இருந்தது. எத்தனை நாழி அரிசியை இதற்கென ஒதுக்கலாம், யாருக்கு எவ்வளவு வார்க்கலாம் என்பதை முடிவு செய்தவள் அவள். இரண்டு நாளில் முதிர்வது இரண்டு நாளில் புளித்தும் போகும். மூட்டை கட்டி வைக்க இயலாது. விருந்து வந்தபோது பகிர்ந்து முடிக்க வேண்டும். நர்ஸம்மாவின் ஜாடி மூடியும் இதே இலக்கணத்தைச் சேர்ந்தது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கள் சிறிதளவே கிடைத்தால் அதை எங்களுக்குத் தந்துவிடுவான். பெரிதளவு கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்பது அதன் கருத்து. அப்பாட்டில் ஔவை அழுவது கள்ளுக்காகவன்று. குறைந்தபோது தனக்கென வைத்துக்கொள்ளாத ஒருவனுக்காக அழுகிறார்.

அப்படியாயின் வள்ளுவர் என்ன ஆவார் என்று கேட்பீர்கள். கள்ளுண்ணாமை பொருட்பாலில் 93ஆம் அதிகாரம். சூதுக்கு முன்னே நிற்கிறது. அதில் ஒரு குறளில் வள்ளுவர் ஈன்ற தாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெற்றவள் முகத்தெதிரேயும் இன்னாததாகிய ஒன்று, சான்றோர் முகத்தின்முன் என்னாகும் என்று வினவுகிறார். சங்கப் பாட்டையும் குறளையும் மோதவிட்டு ஒன்றை வெல்லச் செய்வது நம் பட்டிமன்றங்களுக்கு எளிது. எனக்கு அவ்விரண்டும் வெவ்வேறு முகங்களைப் பார்த்து எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன. ஆற்றுப்படை வார்ப்பவள் முகத்தைப் பார்க்கிறது. குறள் காத்திருப்பவள் முகத்தைப் பார்க்கிறது. எங்கள் தெருவில் அவ்விருவரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தனர்.

இடையில் நேர்ந்தது என்ன? 1886ஆம் ஆண்டுச் சென்னை ஆப்காரிச் சட்டம், உரிமமின்றிக் கள்ளும் சாராயமும் ஆக்குவதைக் குற்றமாக்கியது. அதன் நோக்கம் குடியைத் தடுப்பதன்று. அரசின் வருவாயைக் காப்பது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதன் நோக்கம் முற்றிலும் வேறு. 1971இல் விலக்கு தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் கள்ளும் சாராயமும் மறுபடி வந்தன, 1987இல் அவை மூடப்பட்டன. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டது. கடைகள் திறந்தும் மூடியும் மாறிமாறி வந்த இக்காலம் முழுவதும் வீட்டுச் சாடி மட்டும் குற்றமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆலயத் திருப்பலிக்குரிய திராட்சை இரசத்துக்கு உரிமம் பெற வழியுண்டு. நர்ஸம்மாவின் ஜாடிக்கு இல்லை. இதை அவர் அறிவார். அறிந்ததனால்தான் அவர் ஒருபோதும் ஒரு புட்டியையும் விற்றதில்லை.

இப்போது நான் மிகத் தயங்கிச் சொல்ல வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டேன். நுளையர் மகள் தேறல் அரித்த எயிற்பட்டினம் எது? இன்றைய மரக்காணமே அது என்று அறிஞர் கருதுவர். அந்த மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில், 2023 மே மாதம், நச்சுச் சாராயம் குடித்தவர்கள் இறந்தனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இறந்தவர்களைச் சேர்த்தால் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த கொடுமையில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

அவர்களைக் கொன்றது புளித்த தானியமன்று, மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நஞ்சு அது. உடலுக்குள் சென்றபின் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கி உயிரைப் போக்குகிறது. சாடியில் சோறோ பழமோ புளிப்பதால் அத்தகைய அளவில் அது தோன்றுவதில்லை. ஈஸ்ட் தான் ஆக்கும் மதுவின் அளவு மிகும்போது தானே அடங்கிவிடும். சாடிக்கு அதன் இயல்பிலேயே ஓர் எல்லை உண்டு. நஞ்சைக் கலந்து உறையில் அடைத்து விற்றவனுக்கு அத்தகைய எல்லை எதுவும் இல்லை. குடித்தவன் யாரென்று அவனுக்குத் தெரியாது. விற்றவன் எதைக் கலந்தான் என்று குடித்தவனுக்கும் தெரியாது. பாணனுக்குத் தேறல் வார்த்த அதே கடற்கரையில் ஈராயிரம் ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இதுதான்.

எண்ணூரையும் ஒரு சொல் சொல்லாமல் விடுவதற்கில்லை. கேள்வி கேட்ட மாணவி அங்கிருந்து வருபவள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. வலையும் படகும் கறுத்தன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடு விட்டு ஓடினர். சுட்ட மீனும் பிழிந்த கள்ளும் தந்து வழிப்போக்கனை இருத்திய வலைஞரின் வழிவந்தோர்க்கு, அந்த மாதம் தமக்கே மீன் இல்லை. விருந்தோம்பல் ஒரு பண்பு மட்டுமன்று. அதற்கு முதலும் வேண்டும். மனிதரிடமிருந்து வார்க்கும் நிலையைப் பறித்துவிட்டு, வாங்கிக் குடிக்கும் நிலையை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

இனி அந்த மாணவிக்கு என் விடை. பெண்ணே, இதைச் சிறப்பு என்று எழுத வேண்டியதில்லை. வலைஞர் வீட்டில் ஒரு பெண் நெல்லை முளைவிக்கவும், களியை ஆற்றவும், இரண்டு இரவு காத்திருக்கவும், பசியோடு வந்த ஓர் அயலானுக்கு அளந்து வார்க்கவும் அறிந்திருந்தாள் என்று எழுது. அந்த அறிவும் அந்த அளவும் அவள் கையிலிருந்து எடுக்கப்பட்டன என்று எழுது. உன் தந்தையின் சாவு இந்தப் பாட்டின் தொடர்ச்சி அன்று. இந்தப் பாட்டு அறுந்த இடத்தில் நேர்ந்தது. அதையும் எழுது. மதிப்பெண் தர நான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வீடு சாடி வையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சட்டம் அதற்கு இடம் தராது. எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளும் அதைத் தாங்கமாட்டா. கவிஞர்களாகிய உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கள்ளையும் போதையையும் உவமையாக எடுப்பது நமக்கு மிக எளிதாகிவிட்டது. இனி அச்சொல்லை எழுதும்போது, வார்த்தது யார், குடித்தது யார், வீட்டில் விளக்கை அணைக்காமல் காத்திருந்தது யார் என்று மூவரையும் ஒருகணம் நினைத்துவிட்டு எழுதுங்கள்.

நர்ஸம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டனர். வீட்டைக் காலி செய்தபோது, அந்தப் பீங்கான் ஜாடியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் முன்னரே சொல்லி வைத்திருந்தாராம். அது என் தாய்க்கு வந்தது. தெருவில் அதை வேண்டாம் என்று சொன்ன ஒரே பெண்ணுக்கு வந்தது. என் தாய் அதை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். இப்போது அதில் உப்பிட்ட எலுமிச்சை ஊறுகிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தெருவில் எஞ்சியிருக்கும் நான்கைந்து வீடுகளுக்கு அதிலிருந்து ஒவ்வொரு கிண்ணம் போகிறது. அளந்து வைப்பவர் என் தாய்தான்; மூடியை நான் தொடுவதற்கு இன்னும் அனுமதி இல்லை.